பொருள்: இரண்டாவது காடு

மூன்றாம் மாடி, வடக்குப் பார்த்த ஜன்னல்.
எனக்கு முன்னால் பதினொரு பேர்
இந்தக் கோப்பைத் தொட்டிருக்கிறார்கள்.
கட்டிய நாடா இரண்டு முறை மாறியிருக்கிறது,
சிங்கங்களின் எண்ணிக்கை அதைவிட அதிகமுறை.

மிச்சமுள்ள சிங்கம் அத்தனையும் ஒரே காட்டில் இருப்பது
வீட்டுச் சாவி, லாக்கர் சாவி, வண்டிச் சாவி
எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு
ராஜீவ் சௌக்கில் மெட்ரோ ஏறுவது போல
என்று எழுதினேன்.
உவமை வேண்டாம்
எனப் பச்சை மையில் திரும்பி வந்தது.
சரி.
தெருநாயிடமிருந்து ஒரு கிருமி போதும், ஐயா
என்று திருத்தினேன்.
'ஐயா'வை அடித்துவிட்டு அனுப்பினேன்.

இணைப்பு நான்கு: திறந்த கிணறுகள்.
மானைத் துரத்தி வந்த பெண்சிங்கம்
இரவெல்லாம் நீந்தியபடி
சுவரைப் பிறாண்டிய நகத்தடங்கள்,
கறுப்பு வெள்ளை நகலில், மங்கலாக.
சுற்றுச்சுவருக்குக் கேட்ட தொகை
எங்கள் கட்டடத்தின் ஒரு கோடை ஏசி செலவுக்குள் அடங்கும்.
அதை எழுதவில்லை.
கூட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே டெல்லி இல்லை,
புகைமூட்டம்தான் இருக்கிறது.
அதற்குள்ளிருந்து குரங்குகள் வரும்.
போன வாரம் ஒன்று
இணைப்பு ஆறைக் கிழித்துத் தின்றுவிட்டது:
இரண்டாவது காட்டின் வரைபடம்.

குரங்கு விரட்ட குல்ஷேர் வருவான்.
லங்கூர் கட்டி வைக்கக் கூடாது என்றானபின்
தானே லங்கூராகிவிட்டவன்.
அவன் தொண்டைக்குள் ஒரு கருமுக மந்தி
ஒப்பந்த அடிப்படையில் வசிக்கிறது.

உன் பேரிலிருக்கும் ஷேர்
சிங்கமா புலியா என்றேன்.
கேட்பவர் பயத்தைப் பொறுத்து, மேடம்.

சிங்கம் போல் கத்த வருமா?

பீடியைக் காதில் செருகினான்.
படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று
அடிவயிற்றிலிருந்து எடுத்தான்

டீ கொண்டுவந்த பையன் சுவரோடு ஒட்டினான்.
கணக்குப் பிரிவில் விசைப்பலகைகள் நின்றன.
பெரிய அதிகாரியின் கதவு
அரை அங்குலம் திறந்து
மூடிக்கொண்டது.

கைப்பிடிச் சுவரில் குரங்குகள்
பேன் பார்த்துக்கொண்டிருந்தன.
ஒரு குட்டி கொட்டாவி விட்டது.

குல்ஷேர் முகம் சுருங்கிப்போனது.
'சரியாத்தான் செஞ்சேன், மேடம்.'

சரியாகத்தான் செய்தான்.
யமுனைக் கரை நாணலும் முள்ளுமாய்க் கிடந்த காலத்தில்
இவற்றின் முப்பாட்டன்கள்
இந்த ஓசைக்கு
நுனிக்கிளையில் உறைந்திருக்கும்.
எத்தனை தலைமுறையில் ஒரு பயம்
உடம்பை விட்டு இறங்கிப் போகிறது?
கோப்பில் அதற்குப் பத்தி இல்லை.

மதியம் குறிப்பெழுதினேன்.
வரைபடத்தின் மறுபிரதி கோரப்படுகிறது.
கிணற்றுச் சுவர்களுக்கான தொகையை மட்டும் தனியே பிரித்து
மழைக்கு முன் விடுவிக்கலாம்.
கையெழுத்து, தேதி.
பன்னிரண்டாவது ஆள்.

ஆறு மணிக்கு குல்ஷேர் வந்தான்,
மூன்று மாதச் சம்பளப் பாக்கிச் சீட்டோடு.
'லங்கூர் குரல், நாளொன்றுக்கு' என்ற வரிக்குக் கீழே
பென்சிலால் சேர்த்திருந்தான்:
சிங்கம், ஒரு முறை.
தொகைக்கான கட்டம் காலி.