லிட்டருக்கு நாலு புள்ளி இரண்டு

கையேட்டில் பதினொன்று என்று போட்டிருக்கிறது.
எந்த ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்களோ.
சில்க் போர்டு சந்திப்பில்
மாலை ஆறே முக்காலுக்கு
லிட்டருக்கு நாலு புள்ளி இரண்டு.
நான் ஆடிட்டர்,
புள்ளிக்குப் பின்னால் வருவதையும் விடமாட்டேன்.

எக்செல் தாளில் அதற்கென்று தனிப் பக்கம்.
பக்கத்தின் பெயர்: யானை.
வாங்கியவர் என் கணவர் திருவரங்கன்,
வேறொருவர் மூன்று வருடம் ஓட்டி அலுத்த பிறகு.
இரண்டே இருக்கை, கூரை திறக்கும்.
சிவப்பு வாங்காமல் விட்டாரே, அதுவரை சரி.
மழைக்கு முந்தைய சாம்பல் நிறம்.

காப்பீடு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
பின் டயர் இரண்டும் சேர்த்து எண்பத்திரண்டாயிரம்,
பதினாறாயிரம் கிலோமீட்டரில் வழுக்கை விழுந்துவிட்டது.
எண்ணெய் மாற்ற நாற்பத்தாறாயிரம்.
தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா என்று கேட்டேன்,
சர்வீஸ் பையன் சிரிக்கவில்லை.
கோரமங்கலா வேகத்தடையில் மூன்று முறை வயிறு உரசியது,
உரசலுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறேன்.
கூரை மடக்கும் பம்பில் கசிவு:
ஷோரூமில் கேட்டது இரண்டே கால் லட்சம்.
வில்சன் கார்டன் நயாஸ் பாஷாவிடம்
முப்பத்தெட்டாயிரமும் ஒரு பிரியாணியும்.
பிரியாணியையும் எழுதினேன்.

பெட்ரோல் கணக்குதான் இடிக்கும்.
அவர் மூன்று பங்கில் பிரித்துப் பிரித்துப் போடுகிறார்,
ஆயிரத்து ஐந்நூறு ஆயிரத்து ஐந்நூறாக,
சர்க்கரை நோயாளி ஜிலேபி தின்பதுபோல.
ரசீதுகள் சட்டைப் பையோடு துவைக்கப் போகின்றன.
மை கரையும், ஓடிய கிலோமீட்டர் கரையுமா?
கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.
இந்த யானை இருந்தால் மாதம் நாற்பத்தோராயிரம்.
இறந்தால் பாதி விலை,
அதுவும் கேட்க ஆள் வந்தால்.

போன மார்ச்சில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்:
கூரை திறந்திருந்த நேரம்.
திறக்கப் பதினாலு விநாடி,
சிக்னல் நூற்றெண்பது.
திறந்தால் பக்கத்து பஸ்ஸின் புகை வந்து மடியில் உட்காரும்.
ஜன்னலோரத்தார் மேலிருந்து
எங்கள் டிபன் டப்பாவுக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.
ஒருவன் கொசு மட்டையைத் தலைக்கு மேல் நீட்டி
நூற்றைம்பது என்றான்.
வாங்கினோம், வேறு வழி?
வருடம் முழுக்கத் திறந்தது ஆறு மணி நாற்பது நிமிடம்.
வகுத்தேன்.
ஒரு நிமிட வானம்
ஆயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.
மோர் ஊற்றிக்கொண்டே
"ஜிஎஸ்டி சேர்த்தா?" என்றார்.
பிறகு, வித்துடலாம் என்றும் அவரேதான் சொன்னார்.
தட்டைக் கழுவப் போனார்,
குழாய் வெகுநேரம் ஓடியது.

சனிக்கிழமை விடியுமுன் நாலே முக்கால்.
சாவியை நான் எடுத்தேன்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறும்போது
கூரை பின்னால் மடிந்தது,
சொட்டுக்கூடக் கசியவில்லை, நயாஸ் பாஷா வாழ்க.
குளிர். காதோர நரை கண்ணில் அடித்தது.
எங்கள் மேல் ஒரு விமானம்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது.
மைலேஜ் எண் எட்டானது, ஒன்பதானது,
எலஹங்கா தாண்டிப் பதினொன்று புள்ளி மூன்று.
கையேட்டை அச்சடித்தவனிடம்
மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.
அவர் பேசவே இல்லை.
உள்ளங்கையை வெளியே நீட்டி
காற்றை எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதஹள்ளி சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பினேன்,
அந்தக் காசு மிச்சம்.
வழியில் ஒரு பங்கில் நிறுத்தி
டேங்கை நிரப்பச் சொன்னேன்.
ஆறாயிரத்துச் சொச்சம்.
பையன் ரசீதை நீட்டினான்.
திருவரங்கன் என் கையையே பார்த்தார்.
சுடிதாரில் பை கிடையாது என்றேன்.