கணக்கில் வருமா

காமராஜர் சாலையில் பெயின்ட் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
"ஏறி வந்ததையே வார்ம்-அப்ல சேத்துக்க" என்று
சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார்
அங்கயற்கண்ணி. வயது ஐம்பத்தொன்று.
கூட்டுறவு வங்கியில் காசாளர்.
மூன்று மாதச் சர்க்கரை ஏழு புள்ளி ஒன்பது.

தின்பதையெல்லாம் எழுதச் சொல்லி
நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன்.
முதல் வாரம் முழுக்கப் பொய்.
காலை இட்லி இரண்டு. மதியம் சோறு ஒரு கப். இரவு சப்பாத்தி இரண்டு.
எல்லா நாளும் ஒரே மை, ஒரே சாய்வு,
ஞாயிறு இரவு உட்கார்ந்து
டேலி பண்ணிய கையெழுத்து.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டால் மூடிக்கொள்ளும் நோட்டு அது.

இரண்டாம் வாரம் பேனா மாறியிருந்தது.

செவ்வாய். பையன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை.
கணக்கில் வருமா?
புதன். சட்டியில் ஒட்டிய உருளைக்கிழங்கு, கழுவப் போகுமுன்.
வியாழன். அவர் ஒதுக்கிய சுக்கா. கொழுப்பு மட்டும்.
வெள்ளி. தயிர், புளித்துவிடும் என்று.
வெள்ளி மறுபடியும். சாம்பார், நாளைக்கு ஆகாது என்று.
சனி. தெப்பக்குளத்தில் நாலு சுற்று. பருத்திப்பால் ஒரு டம்ளர்.
இது மட்டும் நானே கேட்டு வாங்கியது.

செயலியில் தேடினேன்.
சாலடில் நாற்பது வகை இருந்தது.
பருத்திப்பால் இல்லை.
பருத்திக்கொட்டை, கருப்பட்டி, தேங்காய் என்று
தனித்தனியாய்க் கூட்டியதில் ஒரு எண் வந்தது.
சரி. ஆனால்
"புளித்துவிடும் என்று" என்பதற்கு
எத்தனை கலோரி போடுவது?

இடுப்பை மடக்கக் கற்றுக்கொடுத்தேன்.
முதுகு நேர், பிட்டம் பின்னே, முட்டி லேசாய்.
கண்ணாடி முன் பத்து நாள்.
பத்து நாளும், சிதறிய சில்லறை பொறுக்குகிறவர்போலவே குனிந்தார்.
பதினோராம் நாள் கேட்டேன்:
ரெண்டு கையிலும் பாத்திரம் இருந்தா
ஃப்ரிட்ஜ் கதவை எப்பிடி மூடுவீங்க?
சிரித்தார். இடுப்பால் பின்னே தள்ளினார்.
அவ்வளவுதான். அங்கேதான் இருந்தது,
இருபத்தைந்து வருடமாய்,
யாரும் எண்ணாத செட்டுகளில்.

முப்பது கிலோ தரையை விட்டு எழும்பியதும்
"அட, சிலிண்டரு தானா" என்றார்.

நோட்டை மறுபடி புரட்டினேன்.
மூன்று வாரம், இருபத்தோரு நாள்,
தோசை இருந்தது, சட்டி இருந்தது, கரண்டி இருந்தது.
தட்டு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.
இதைக் கண்டுபிடித்தபோது நானும்
டம்பெல் அடுக்கில் சாய்ந்து நின்றிருந்தேன்,
அவித்த முட்டையில் பாதி வாயில்.

புரதம், நார்ச்சத்து, செட்டுக்குச் செட்டு எத்தனை நொடி ஓய்வு,
எல்லாவற்றுக்கும் சான்றிதழ் மாட்டியிருக்கிறேன் சுவரில்.
அந்த வாரம் நான் எழுதியது ஒரே வரி.
தட்டு. நாற்காலி. முதலில் நீங்கள்.
"கடைசியை அடிச்சிரு ஜெசிந்தா, வீட்டுல பாத்தா சிரிப்பாக."
நான் அடிக்கவில்லை.
என் பேனாவை வாங்கி
"முதலில்" என்பதை மட்டும் அவரே அடித்தார்.

மூன்று மாதம் கழித்து ஏழு புள்ளி ஆறு.
டாக்டர் மாத்திரையில் கை வைக்கவில்லை.
எடைக்கல்லில் அதே எழுபத்தி நாலு.
ஆனால் படியில் நிற்பதில்லை இப்போது,
வந்ததும் பேச்சைத் தொடங்கிவிடுகிறார்.

இன்று காலை நோட்டை நீட்டினார்.

புதன். மதியம். கம்பஞ்சோறு, அரைக்கீரை, முட்டை ஒன்று. தட்டில்.
ஃபேன் போட்டுக்கொண்டேன்.
அதற்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, பொடி எழுத்தில்:
இன்னொரு தோசை கேட்டார். இருங்க, சாப்பிட்டு வர்றேன்னேன்.
கணக்கில் வருமா?

என்ன எழுதுவதென்று பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
கீழே பெயின்ட் கடைப் பையன் ஷட்டரைத் தூக்குகிறான்,
ஒற்றைக் கையால், முதுகை வளைத்து.
முதலில் போய் அவனைப் பிடிக்க வேண்டும்.