ஒரு லிட்டர் தண்ணீர்

கேஸ் முடிந்து அரை மணி.
ரம்பச் சத்தம் மட்டும் இன்னும் காதில்.
கழற்றிய கையுறைகளில் ஒவ்வொன்றாய்த்
தண்ணீர் பிடிக்கிறேன், ஒரு லிட்டர்.
மணிக்கட்டில் முறுக்கித் தூக்கினால்
ஐந்து விரலும் மாட்டு மடிபோல் கனத்துத் தொங்கும்.

டாக்டர் குவாவுடையது: ஒழுகவில்லை.
ஹரிந்தருடையது: ஒழுகவில்லை.
என்னுடையது, வெளியுறை, முதல் ஜோடி, இடது:
சுட்டுவிரல் நுனியிலிருந்து
நூல்போல் இறங்குகிறது.
சரி, வெளியுறைதானே.
இதற்குத்தானே இரண்டாய்ப் போடுவது.

உள்ளுறையிலும் அதே விரல்.

எப்போது?
பிளேடை வாங்கி வைத்தபோதா,
அறுத்த எலும்பின் விளிம்பு உரசியபோதா?
ஒன்றும் உறைக்கவில்லை. கைக்கு அத்தனை வேலை.
சிமெண்ட் இறுகியதும் வெளியுறை மாற்றினேன், விதிப்படி.
மாற்றிப் போட்டது முழுசு.
அதற்கு முன் எத்தனை நிமிடம் என்பதற்கு
எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

விரலைப் பார்க்கிறேன்.
ஊறி வெளுத்திருக்கிறது. ஒரு கீறல் இல்லை.
எனக்கு ஒன்றும் ஆகாது.

கூலிம் தொழிற்சாலையில் என் நாத்தனார் பவளக்கொடிக்கும்
இதே தண்ணீர், இதே முறுக்கு.
இத்தனைக்கு இத்தனை ஓட்டை போகலாம் என்று
அங்கே ஒரு கணக்கு உண்டு.
ரொகாயாவுக்கு இடது முழங்கால் ஒன்றுதான்.

டாக்டர் கேட்டார்: "எந்த விரல்?"
பிறகு: "எழுதிவிடு."
எழுதினேன். நேரம்: தெரியாது.

வார்டில் ரொகாயா கண் விழித்திருந்தாள்.
இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ்,
கிளட்ச் மிதித்தே தேய்ந்த மூட்டு.
"மிஸ்ஸி, ஜனவரியில் ஓட்டலாமா?"
என் இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.
டாக்டர் சொல்வார் என்றேன்.

மூன்றாம் நாள் 37.2.
ஐந்தாம் நாள் 36.9, வீட்டுக்கு அனுப்பினார்கள்.
கிருமி அவசரப்படாது. உலோகத்தில் ஒட்டிக்கொண்டு
மாசக்கணக்கில் பேசாமல் இருக்கும்.
அப்புறம் ஒரு நாள் முட்டி சூடாகும்.

பிப்ரவரி. ஆயர் ஈத்தாம் ரோடு, மதிய நெரிசல்.
எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் பஸ்
நின்று, குலுங்கி, ஒரு முழம் நகர்ந்து,
மறுபடி நிற்கிறது.
கடைசி சீட்டுப் பையன் என்னைப் பார்த்து
நாக்கைத் துருத்துகிறான்.

வலது பக்கம் இடம் கிடைத்தது.
முந்தினால் ஓட்டுவது யாரென்று தெரியும்.

பின்னாலேயே போனேன்,
ஃபார்லிம் வரைக்கும்.