பாடம் நான்கு

ஓல்ட்டனில் இரவு பத்து மணி
ஒரு மூடி.
அதற்குப் பிறகு குளிக்கக் கூடாது,
ஆணி அறையக் கூடாது,
கதவைப் பூனைபோலச் சாத்த வேணும்.
வாடகை ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில்
இசைக்கருவிகளுக்கென்றே ஒரு பத்தி.
நான் வேலையால் வருவது பத்தேகாலுக்கு.

அதனால்தான் இதை வாங்கினேன்.
கிற்றார் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது.
வயிறு இல்லை. துளை இல்லை.
கழுத்து மட்டும், அதுவும் இரண்டாய் மடிந்து
சப்பாத்துப் பெட்டிக்குள் படுத்துவிடும்.
கம்பி இருக்கவேண்டிய இடத்தில் றப்பர் வரிகள்,
அடியில் குட்டி குட்டி விளக்குகள்.
இங்கே விரலை வை என்று பச்சை.
பிழைத்தால் சிவப்பு.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மெஷினும்
இந்த இரண்டு நிறத்தில்தான் என்னோடு கதைக்கும்,
ஆகவே மொழிப் பிரச்சினை இல்லை.

ஆருஷன் சிரித்தான்,
இது விளையாட்டுச் சாமான் அம்மா.
அவனுக்குப் பதினாறு. சிரிக்கட்டும்.
நாற்பத்தாறு வயதில்
ஒன்றை முதல்தரம் பிழையாகச் செய்ய
விளையாட்டுச் சாமான்தான் இடம் கொடுக்கும்.

குசினி மேசை. அடுப்புக்கு மேலுள்ள வெளிச்சம் மட்டும்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம்
யன்னலில் மூக்கை வைத்துப் பார்க்கும்.
ஹெட்போனைப் போட்டால்
காதுக்குள் ஒரு மண்டபம் நிறையும்;
வெளியே றப்பரில் விரல் படும் சத்தம்,
பயத்தங்காய் முறிக்கிற அளவுக்கு.
தண்ணி குடிக்க எழும்பிய மகன்
ஒருநாள் பயந்தே போனான்:
இருட்டில் ஒரு மனுசி
தடியொன்றைத் தடவித் தலையாட்டுகிறாள்.

மூன்றாம் கிழமை
தபால்பெட்டியில் மடித்த தாள்.
கீழ்வீட்டு பியாட் ஃப்ளூறி,
சரக்கு ரயில் ஓட்டுகிறவர்,
விடியப்புறம் மூன்றரைக்குப் படியிறங்குகிறவர்.
எட்டு வருசத்தில் வணக்கம் தவிர
ஒரு சொல் பரிமாறவில்லை.
வாசிக்க முதலே கை குளிர்ந்தது.
குடை காயவைத்த இடம், சலவையறையில் விட்ட நூல்,
கறி தாளித்த மணம்,
எல்லாம் எனக்கு இப்படி மடித்தே வந்தவை.

"பத்தரைக்கு ஒரு கால் தட்டுகிறது.
முறைப்பாடு அல்ல.
ஆனால் மூன்று தட்டு நேராக வருகிறது,
நான்காவது எப்போதும் பிந்துகிறது.
படுத்தபடி அதற்காகக் காத்திருக்கிறேன்,
அது வந்த பிறகுதான் நித்திரை.
தயவுசெய்து, என்ன பாட்டு?"

கால்!
ஒலியை மூடினேன், விளக்கை மூடினேன்,
காலை நினைக்கவேயில்லை.
இருபது இரவாய் என் குதிக்கால்
என்னைக் கேளாமலே கச்சேரி வைத்திருக்கிறது.

நான்காவது இடத்தில் எஃப் வரும்.
சலவைக்கூடத்துக் கதவில் நசிந்த சுண்டுவிரல்
அங்கே போய்ச் சேர நேரமெடுக்கும்.
பச்சை விளக்கு கோபிக்காமல் நின்று பார்த்திருக்கும்.
அது மட்டும்தான் நிற்கிறது என்று நினைத்திருந்தேன்.

அவருடைய தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்:
பாட்டு இல்லை. பாடம் நான்கு.
என் டொச்சில் அதற்குமேல் வரவில்லை.
படியிறங்கும்போது சேர்த்தேன்:
காரணம், சின்ன விரல்.

சனி பின்னேரம் ஐந்து மணி.
ஒப்பந்தப்படி சத்தம் போடலாம்.
ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன்.
சாமானின் முதுகில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஸ்பீக்கர்,
இவ்வளவு நாளும் வாய் திறவாதது.
தகரக் குரல். காதுக்குள் இருந்த மண்டபம்
தீப்பெட்டிக்குள் வந்து குந்தியது.
வெட்கமாய்த்தான் இருந்தது. நிறுத்தவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.
சுண்டுவிரல் இன்னும் தேடிக்கொண்டிருக்க,
ஹீற்றர் குழாய் வழியே
கீழிருந்து
டங்.

ஆருஷன் அறைக்கதவைத் திறந்து
என்னம்மா,
பைப் உடைஞ்சிட்டுதோ என்றான்.