நாலு விரல் அகலம்

யோர்க்டனுக்கு வடக்கே இரண்டு சரளைச் சாலைகள்
வெட்டிக்கொள்ளும் இடத்தில்
மரமில்லை, மேடில்லை. கனோலாவும் அறுத்தாயிற்று.
வருகிற வண்டியை ஒரு மைலுக்கு முன்பே பார்க்கலாம்.
அங்கேதான் இரண்டு பேர்
ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

படிவம் என் மேசைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.
வானம்: தெளிவு. வெளிச்சம்: பகல்.
தளம்: உறுதி. முதல்நாள் மழையில் புழுதி அடங்கியிருந்தது.
மது இல்லை. கைபேசி, பைக்குள்.
வார், இருவரும் போட்டிருந்தார்கள்.
ஒரெஸ்ட் ஹவ்ரிலுக், எழுபத்தொன்று.
மரிவிக் டிமாலாண்டா, முப்பத்து நாலு.
அவள் பின்சீட்டில் ஒரு தட்டு முட்டை,
அதில் இரண்டு உடையவில்லை என்றும் எழுதியிருந்தது.
காரணம் என்ற கட்டத்தில் கான்ஸ்டபிள் ஒரு கோடு கிழித்து
அதன்மேல் பேனாவை இன்னும் இரண்டு தரம் ஓட்டியிருந்தார்.

பதினொரு வருடமாய்ச் சாவுக்கு எண் போடுகிறேன்.
குடிக்கு ஓர் எண், கறுப்புப் பனிக்கு ஓர் எண்,
மானுக்குத் தனி, மூஸுக்குத் தனி.
வெள்ளி இரவு, வளைவு, பதினெட்டு வயது என்றால்
விரல் தானாகவே தட்டிவிடும்.
இதற்கு விரல் எழும்பவில்லை.

ஞாயிறு, மழை விட்ட காலை,
பிறேமகாந்தனை அவருடைய காரில் வரச் சொன்னேன்.
நான் தெற்கிலிருந்து, அவர் கிழக்கிலிருந்து,
இருவரும் ஐம்பதில்.
ஸ்பீக்கரில் கேட்டேன்: "எங்க நிக்கிறீங்கள்?"
"வந்துகொண்டுதானே இருக்கிறன். நீர் எங்க?"

வலப்பக்கம், கூரையைத் தாங்கும் தூண்,
நாலு விரல் அகலம்.
அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் முழுசாக இருந்தார்.
வேகம் ஒன்றானால் கோணம் மாறாது,
கோணம் மாறாதது அசையாது,
அசையாததைக் கண் வயல் என்றே எடுத்துக்கொள்ளும்.
கழுத்தை ஒரு சாண் நீட்டினேன்.
வெறும் வெளிக்குள்ளிருந்து
நீலக் கொரோலா வந்து நின்றது.
பிரேக்.
இறங்கி எட்டி அளந்தோம். எழுபது எட்டு.
அவர் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைத் துடைத்தார்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

திங்கள், 99 போட்டேன். ஏனையவை.
குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
இருவரும் ஒரே வேகத்தில், கவனமாகவே, நேரே
அதோடு பெட்டி எழுத்து ஏற்க மறுத்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு சந்தியிலும்
கோழி மாதிரிக் கழுத்தை
முன்னே நீட்டி, பின்னே இழுத்து, மறுபடி நீட்டுகிறேன்.
பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.