பதினேழுக்கு மேல் ஈரம்

நாலு மாதமாக
உத்திராபதியை வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன்.
நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையம்,
அதில் பட்டியல் எழுத்தர்.
சிப்பத்துக்கு ஐந்து பைசா வாங்காதவர்.
குடிக்கிற தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவருவார்,
விவசாயி வாங்கித்தரும் டீ
அவர் மேசையில் ஆடை கட்டி ஆறிப்போகும்.

எழுத எழுத
காலண்டர் சாமி மாதிரி ஆகிக்கொண்டே போனார்.
கும்பிடலாம்.
பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாது.

ஜெராக்ஸ் கடை மங்கையர்க்கரசி படித்துவிட்டு
‘ரொம்ப நல்ல மனுஷன் சார்’ என்றாள்,
இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமலே.

அப்புறம்தான் பக்கிரிசாமியை உள்ளே விட்டேன்.
எடை போடுகிறவன். சிப்பத்துக்கு நாற்பது.
கேட்கும்போதே சிரித்துவிடுவான்,
‘நான் ஒருத்தனா திங்கிறேன்?’ என்பான்,
வாங்கின காசில் பாதிக்கு
எதிரில் நிற்கிறவனுக்கே பரோட்டா வாங்கிக் கொடுப்பான்.

அவன் வந்து எதிரே உட்கார்ந்த அன்றைக்குத்தான்
உத்திராபதிக்கு முதன்முதலாக வியர்த்தது.
டீயை மறுத்த கை
மேசைக்கடியில் நடுங்குவது தெரிந்தது.
மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு
இன்னும் பதினோரு நாள்தான் என்பதை
அதுவரை என்னிடமே மறைத்திருந்தார்.

மூணாறு தலைப்புக்கு ஒரு சாயங்காலம் போய் நின்றேன்.
வெண்ணாறு ஒரே உடம்பாக வந்து
மதகுகளுக்கு முன்னால் தயங்குகிறது.
லஸ்கர் சக்கரத்தைச் சுற்றுகிறார்.
கோரையாற்றுப் பலகை இறங்க இறங்க
பாமணிக்குக் குரல் வருகிறது.
அதுவரை அங்கே ஓர் ஆறு இருப்பதே
காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து
தை மாதக் கடைசியில் ஒரு மழையை வைத்தேன்.

தையல்நாயகியின் ஐம்பத்து மூன்று சிப்பம்
நாலு நாளாக வரிசையில் கிடந்தது.
ஈரப்பதக் கருவி பத்தொன்பது காட்டியது.
சட்டம் பதினேழு.
‘காயவச்சுக் கொண்டாங்கம்மா.’
உத்திராபதி சொன்னதில் ஒரு குறையும் இல்லை.
குரலில் ஒரு தூசு இல்லை.
அவ்வளவு சுத்தமான குரலை
நான்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்,
இப்போது கேட்க எனக்கே குளிர்ந்தது.

கிழக்கே, கடல் பக்கம்
கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கிரிசாமி
காலையில் அவளிடம் வாங்கிய இரண்டாயிரத்து நூற்று இருபதை
மடிப்புக் கலையாமல் அவள் கையில் திணித்தான்.
(ஏன் என்று ஒரு வரி எழுதப் பார்த்தேன்.
அவன் விடவில்லை.)
அடுக்கி வைத்த சர்க்கார் மூட்டைகள் மேல் ஏறி
தார்ப்பாயின் கயிற்றைப் பல்லால் அவிழ்த்து
இழுத்துக்கொண்டு ஓடினான் அவள் நெல்லுக்கு.

தையல்நாயகியின் ஐம்பத்து மூன்றும் நனையவில்லை.
சர்க்கார் சிப்பம் இருநூறு நனைந்தது.

மங்கையர்க்கரசி இதை நின்றபடியே படித்தாள்.
ஆதார் அட்டையோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள்.
‘இப்ப யார் சார் நல்லவன்?’
முன்பு தானே சொன்னதை மறந்துவிட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.
தெரிந்தால் கதையை
முதல் மாதமே முடித்திருப்பேன்.

பதிவேட்டில் ‘சேதத்துக்குப் பொறுப்பு’ என்று
ஒரு கட்டம் இருக்கிறது.
உத்திராபதி பேனா மூடியைத் திறந்துவிட்டார்.
அந்த இடத்தில்தான் மூன்று வாரமாக நிற்கிறேன்.

வெளியே, ஓலைச் சார்ப்பின் கீழ்
பக்கிரிசாமி பீடி பற்றவைக்கப் பார்க்கிறான்.
நமத்துப்போன குச்சிகள், நாலாவதும் போயிற்று.
அரக்கு உருக்குவதற்கென்று நிலையத்தில் வாங்கிய தீப்பெட்டி
உத்திராபதியின் மேசைமேல் இருக்கிறது.
சர்க்கார் சொத்து.

அவன் கேட்கவில்லை.
இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.