மூன்றாவது சுவிட்ச்

இரண்டு வருஷம் ஏழு மாசம்.
பூட்டுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.
பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி
கோழி இறகால் தடவி
வைதும் கெஞ்சியும் இவுக திருப்பினார்கள்.
கதவு திறந்ததும் ஒரு வாடை.
எலிப்புழுக்கை, பழைய பேப்பர்,
அப்புறம், கிளம்பிய அவசரத்தில்
நான் மூடாமல் விட்ட பெருங்காய டப்பா.

சூரத் மில்லின் பெயர் போட்ட பெட்டிகளைத்
தார்சாவிலேயே போட்டுவிட்டு
சேலையை இழுத்துச் செருகினேன்.
வாரியல் வைத்த இடத்தில் இருந்தது.
எடுத்தால் கட்டு மட்டும் கையோடு வந்தது,
மிச்சம் கரையானுக்கு.
புது வாரியல், பினாயில், பிளீச்சிங் பவுடர்.
வி.கே.புரம் பஜாரில் வாங்கிய முதல் சாமான்கள்.
அரிசி பிறகுதான்.

மச்சில் குரங்குகள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.
ஓட்டைப் பிரித்து இறங்கி, ஊறுகாய் ஜாடியை உருட்டி,
முகம் பார்க்கும் கண்ணாடியைத்
தூக்கிக்கொண்டு போய்விட்டன.
போகட்டும். அதுகளாவது பார்த்துக்கொள்ளட்டும்.

அரங்கு வீட்டில் கல்யாண ஆல்பம்.
கரையான் பாதியில் சலித்து நிறுத்தியிருந்தது.
இவுக தலை இருக்கிறது, என் தலை இல்லை.
தாலி கட்டுகிற கை இருக்கிறது, கழுத்து இல்லை.
"நல்லவேளை, நகைச்சீட்டு ரசீது தப்பிச்சிட்டு" என்றார்கள்.
முப்பது வருஷமாக இப்படித்தான்.
சரியான நேரத்தில்
சரியானதை ஒருநாளும் சொன்னதில்லை.

அபராதம் கட்டி வாங்கிய கரண்டுக்கு
முப்பிடாதி டெஸ்டரோடு வந்தான்.
எலி கடித்த ஒயரை எல்லாம் மாற்றினான்.
பட்டாசல் போர்டில், மூன்றாவது சுவிட்சின் மேல்
நாலு விரல் அகலத்துக்குச் செம்மண்.
குளவிக்கூடு. ஒரு ஓரம் இன்னும் ஈரம்.
ஸ்குரூடிரைவரை ஓங்கினான்.

"ஏல, கை வைக்காத!"
காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஞானவடிவின் தலை.
"செம்மண்ணு பாரு, ஆம்பளப் பிள்ளதான்.
குளவி கூடு கட்டுன வீட்ல
ஒருத்தி முழுகாம இருப்பால்லா."
சொல்லி முடித்த பிறகுதான்
எங்களைப் பார்த்தாள்.
எனக்கு ஐம்பத்து மூன்று.
இவுகளுக்கு ஐம்பத்தெட்டு, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட்.
அடுப்பில் பால் இருப்பது
அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

ஒரு காலத்தில் இந்த வீட்டில்
கூடு தேடி நான் பார்க்காத மூலை இல்லை.
நிலைக்கு மேல், ஜன்னல் கம்பி இடுக்கு, சாமி படத்தின் முதுகு.
குளவிக்குத் தோதாக இருக்கட்டும் என்று
புறவாசல் ஓரம்
செம்மண் குழைத்து வைத்திருந்தேன், யாரும் அறியாமல்.
பங்குனி வெயிலிலும் அது காய்ந்ததில்லை.
மண்ணின் வாகு என்று இருந்துவிட்டேன்.
பிறகு ஒரு ஆனி மாசம்
கதவிடுக்கில் ஒன்று கட்டியது.
அந்த மாசமும் தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்று
தோசைத் திருப்பியால் சுரண்டிப் போட்டேன்.
உள்ளே பச்சைப் புழுக்கள்.
அசையவில்லை, சாகவும் இல்லை.

"என்ன அத்தை செய்யட்டும்?"
"மூணாவது எதுக்குள்ளது?"
"ஃபேனுக்கு."
சித்திரை. மலைக்காற்று
அணையோடு திரும்பிப் போய்விடும் மாசம்.
சட்டை முதுகில் ஒட்ட, ஒட்டடைக் கம்போடு
இவுக நின்றார்கள்.
"கெடக்கட்டும்ல" என்றார்கள்
போர்டைப் பார்த்து.

இரண்டு தரம் கழுவியும்
தரையில் பினாயிலுக்கு அடியில் எலி வாசம்.
துணிக்கடை அட்டை விசிறி ஒன்றுதான் அகப்பட்டது,
ஆளுக்குக் கொஞ்ச நேரம்.
தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.
இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்கள்:
"புறவாசல்ல மண்ணு குழைச்சு வச்சிருந்தியே,
அதுக்குத் தெனமும் தண்ணி தெளிச்சது
யாருன்னு நெனச்ச?"

விசிறி என் முறையில் இருந்தது.
அவர்கள் பக்கமாக வீசினேன்.
ஓட்டில் ஏதோ ஓடியது.

நாளைக்குத் தொட்டி கழுவ வேண்டும்.